எட்டாம் குழி

விக்கிரமசிங்கபுரத்தில் மூன்று நாளாய்ச் சாரல்.
ஈயம் பிடிக்க மாட்டேன் என்கிறது.
ஊதி ஊதி வைக்கிறேன்.

ஆக்கர் கடைக்குப் போட
நம்பிராஜன் ஒதுக்கி வைத்திருந்த பெட்டி இது.
ரப்பர் பொத்தான். நாற்பத்தெட்டு கே நினைவு.
பொத்தான்களுக்கு அடியில் எறும்பு கட்டின வீடு.
"தூக்கிட்டுப் போடே சவத்த" என்றான்.
கரண்ட் ரீடிங் எடுக்கிற பையில்
அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன்.

முதல் வேலை படம்.
பழைய டிவிக்குப் போகிற தகரக் கூட்டைப் பிரித்து
ஒரு கம்பியை அறுத்தேன்,
ஒன்றை நேரே வெளியே இழுத்தேன்.
திரையில் மணல் கொட்டுவது நின்றது.
எழுத்துக்கு விளிம்பு வந்தது.

அப்புறம் சில்லு.
கடல் தாண்டி வந்து
சுங்கத்தில் பத்தொன்பது நாள் கிடந்தது.
பேராச்சி விலை கேட்டாள். பாதி சொன்னேன்.
நாற்பது கால் பழசை
ஆடுகிற பல் மாதிரி அசைத்து அசைத்து எடுத்து
புதுசை உட்கார வைத்தேன்.
பதினைந்து நிறம் தெரிந்த பெட்டிக்கு
இப்போது அறுபத்துநான்கு குழி.
குழிக்கு ஒரு நிறம், பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

கேசட்டில் இருப்பது ஒரே ஆட்டம், ஆடுபுலி.
எண்பத்தெட்டில் நம்பி எழுதியது.
தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தத்தோடு
ஐந்து நிமிஷம் ஏறியது.
வாசலில் கிடந்த நாய் எழுந்து போனது.

புலிக்குத் தேரி மண் சிவப்பு கொடுத்தேன்.
ஆட்டுக்கு மில் பஞ்சின் வெள்ளை.
கட்டத்துக்கு ரெண்டு நிறம் என்பது மட்டும் மாறவில்லை.
புலி தாண்டும்போது
அடியில் இருக்கிற ஆட்டுக்கும் சிவப்பு ஒட்டுகிறது,
சாகுமுன் ஒரு கணம் அதுவும் புலி.

இரவு மாதிரி இருக்கட்டும் என்று
கறுப்புத் தாளில் கொஞ்சம் நீலம் கலந்தேன்.
கறுப்பு மைக்குப் பூஜ்யக் குழி.
கறுப்புத் தாளுக்கு எட்டாம் குழி.
பழைய சில்லுக்கு ரெண்டும் ஒன்று,
இதற்கு வேறு வேறு.
48955க்கு எட்டு.
65339க்கு ஒன்று.

ஆடினேன். வழக்கம்போல் தோற்றேன்.
கீழ் வரியில்,
எப்போதும் எதுவும் இல்லாத இடத்தில்,
நீலத்தின்மேல் கறுப்பாய், ஆங்கில எழுத்தில் தமிழ்:
தளவாய் தோத்தாச்சு. டீ ரெடி.

கறுப்பின்மேல் கறுப்பாய்
அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கிறது,
என் மூக்குக்கு நேரே.
மில் கேட்டு டீ, அறுபது காசு.
நாற்பது டீயாவது இருக்கும்.

நிரலை விரித்தேன்.
640ஆம் வரி:
ஆடுகிறவன் பேர் தளவாய் என்றால்
புலிக்கு ஒரு தாண்டு கூட.

வாயில் வந்ததைச் சொன்னேன்.
"ஷாக் அடிச்சிட்டா?" என்றாள் பேராச்சி உள்ளேயிருந்து.

வரியை அழித்துவிட்டு ஆடினேன்.
தோற்றேன்.
ஆடுகளை மூலையிலிருந்து இறக்கிப் பார்த்தேன்.
தோற்றேன்.
பேராச்சி பேரில் ஆடினேன்.
ராத்திரி ஒன்றரை மணிக்கு
640ஐத் திரும்ப அடித்தேன்,
ஓர் எழுத்து பிசகாமல்.

ஞாயிற்றுக்கிழமை
மோட்டார் கடையைப் பூட்டிவிட்டு நம்பி வந்தான்.
"என்னமோ கலர் கலரா பண்ணிருக்கியாம்லா."
அவன் செருப்பைக் கழற்றுவதற்குள்
எட்டாம் குழியில் பூஜ்யம் போட்டேன்.

பேர் கேட்டது. தளவாய் என்று அடித்தேன்.
புலி ஒன்றுக்கு ரெண்டாய்த் தாண்டியது.
"சிவப்பு நல்லாருக்குடே" என்றான்.
கடைசி ஆடு போனதும்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து
கீழ் வரியைப் பார்த்தான்.
சும்மா கறுப்பு.

"என்ன பாக்க?"
"ஒண்ணுமில்ல. பழைய தூசி."

வண்டிச் சாவியை எடுத்தேன்.
"எனக்குச் சீனி கம்மியா" என்றான்,
திரையை விட்டுக் கண் எடுக்காமல்.